கெடிலத்துக்கு மதில் எதற்கு? – வாசகர் கேள்விகளுக்கு அக்கா பதில்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த நில வடிவமைப்பாளர் 'அக்கா', ஊர் நடுவே ஓடும் கெடிலம் ஆற்றின் கரை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

புதுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, போன லீவில் அகமதாபாத் போயிருந்தோம். சபர்மதிக்கு ரெண்டு பக்கமும் கரை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, கண்ணைப் பறிக்கிறது. நம்ம கெடிலத்தை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். இங்கேயும் அப்படி ஒன்று கட்டினால் என்ன?

மூக்கைப் பொத்துகிற கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் சபர்மதி. நீங்கள் பார்த்தது ஓடுகிற தண்ணீர் இல்லையம்மா. நர்மதைக் கால்வாயிலிருந்து விட்டு, கீழே வாசணா தடுப்பணையில் நிறுத்தி வைத்த தண்ணீர். ஆற்றின் அகலத்தை ஒரே சீராக 263 மீட்டர் ஆக்கி, இரண்டு பக்கமும் கான்கிரீட் மதில் எழுப்பினார்கள். அதில் 200 ஹெக்டேர் அளவுக்கு நிலமும் கிடைத்தது. சாயங்காலம் உலாவ நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

கெடிலத்துக்கு எந்த நர்மதை இருக்கிறது? வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மேற்கே பெய்ததெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். பெண்ணையாற்றிலிருந்து பிரியும் மலட்டாறும் தன் பங்கைக் கொண்டுவந்து கொட்டும். அந்த நேரம் பார்த்துப் புயல் கடலை ஏற்றி வைத்திருந்தால் ஆறு வடிய இடமில்லை. இதில் மதிலைக் கட்டி அகலத்தையும் சுருக்கினால், அதே வெள்ளம் இன்னும் உயரமாக நிற்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் தெருவில் பெய்த மழையோ ஆற்றில் இறங்க முடியாமல் உங்கள் வாசலில் தேங்கும். 2024 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் மழையில் பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. அவ்வளவு தண்ணீர் வருகிற நாளில் ஆற்றுக்குத் தேவை படுத்துக்கொள்ள இடம்.

அதனால் என் யோசனை நேர் எதிர். கரையைச் செங்குத்தாக நிறுத்தாமல் சரிவாக்குங்கள். இடம் இருக்கிற பக்கம் படிப்படியாகத் தளம் வெட்டுங்கள். கீழ்த்தளம் வருஷா வருஷம் முழுகட்டும், நடுத்தளம் பெருவெள்ளத்தில் மட்டும் முழுகட்டும். மிச்ச நாளெல்லாம் அது ஊரின் நடை, விளையாட்டு, சந்தை எல்லாம்.

சிங்கப்பூரில் பிஷான் பூங்காவில் இதைச் செய்திருக்கிறார்கள். 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாகப் போன கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து வளைந்து போகிற காலாங் ஆறாக ஆக்கினார்கள். 2012-இல் திறந்தார்கள். சாதாரண நாளில் 17 முதல் 24 மீட்டர் அகலம்; பெருமழையில் கிட்டத்தட்ட 100 மீட்டருக்கு விரியும். நீர் ஏறினால் சைரன் ஊதும், விளையாடும் பிள்ளைகள் மேலே வந்துவிடுவார்கள். மண்ணைச் செடி வேரால் பிடித்து நிறுத்தும் முறைகளைப் பூங்காவிலேயே ஒரு சின்ன வாய்க்காலில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கைவைத்தார்கள். எனக்கு அந்தப் பூங்காவை விட அந்தப் பொறுமைதான் பிடித்திருக்கிறது. நம்மூரில் அடிக்கல்லும் திறப்பு விழாவும்தான் தெரியும்.

சீனாவின் ஜின்ஹுவா நகரத்திலும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருந்த வெள்ளத் தடுப்பு மதிலை எடுத்துவிட்டுப் புல் வளர்ந்த படிக்கட்டுக் கரை அமைத்தார்கள். வெள்ளம் விட்டுப்போகும் வண்டல்தான் அந்தப் புல்லுக்கு உரம்.

இனி மூக்குக்கு வருவோம். சாக்கடை ஆற்றில் விழுகிற வரைக்கும் எந்தக் கரை அழகும் வீண் செலவு. பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒரு பக்கம் இருக்கட்டும். சின்ன சின்னச் சாக்கடைகளை ஆற்றில் விழுவதற்கு முன்னாலேயே நிறுத்தி, தொட்டியில் கசடு படியவிட்டு, ஜல்லி நிரப்பிச் சம்புப் புல்லும் கல்வாழையும் நட்ட படுகை வழியாக அனுப்பலாம். வேரில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைப் பார்க்கும். பக்கத்தில் ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் இப்படித்தான் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

திருப்பாப்புலியூர், கல்லூரி மாணவர் ஒருவர்: கரையில் என்னென்ன நடலாம் அக்கா? ராயல் பாம் வைத்தால் எடுப்பாக இருக்குமா?

கல்யாண மண்டப வாசலுக்கு எடுப்பாக இருக்கும் தம்பி.

ஆற்றங்கரையில் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஒரு செடி உண்டு. தேவனாம்பட்டினம் பக்கம், கடல் ஏற்றம் வந்து போகிற சேற்றில் கண்டல், சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்கள். பிச்சாவரம் நம் மாவட்டம்தானே, நாற்றுக்கு அலைய வேண்டாம். உப்பு ஏறாத மேல்பகுதியில், நீர் விளிம்பில் கோரை, சம்பு, நாணல். அதற்கு மேலே சரிவு முழுக்க வெட்டிவேர். நொச்சிக்காட்டுப் பக்கம் கடற்கரை மணலில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். ஆனால் அவர்கள் வேரைத் தோண்டி விற்பதற்கு வளர்க்கிறார்கள், நீ தோண்டாமல் விடுவதற்கு வளர்க்க வேண்டும். மூன்று மீட்டர் வரை நேராகக் கீழே இறங்கும் வேர், சரிவைத் தைத்துப் பிடித்தமாதிரி நிற்கும். உச்சியில் பனை, புங்கன், பூவரசு, நாவல், நீர்மருது. உங்கள் பாடலீசுவரர் கோயில் தலமரம் பாதிரியும் நாலு வை. திருப்பாதிரிப்புலியூர் என்று ஊர்ப் பேரிலேயே இருக்கிற மரத்தைத் தெருவில் தேடினால் கிடைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் பொக்லைன் வைத்துப் பிடுங்காதீர்கள். கரை மண்ணை இப்போதைக்குப் பிடித்திருப்பது அதுதான். மாசியில் தொடங்கித் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நட்டு, மழைக்கு முன் வேர் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளும் பணமும் ஒதுக்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர்: அழகு பண்றோம்னு சொல்லி யார் வந்தாலும் கடைசியில் எங்களைத்தான் நகரச் சொல்றாங்க. இதுவும் அப்படித்தானே அம்மா?

உங்கள் சந்தேகம் நியாயமானது அண்ணே. சபர்மதியிலும் கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களைத்தான் முதலில் அகற்றினார்கள். அதனால்தான் வரைபடத்தில் முதல் கோடு படகு ஏற்றும் இடத்துக்கும் வலை காயப்போடும் மணலுக்கும் போட வேண்டும் என்கிறேன். பெஞ்சு, விளக்கு எல்லாம் மிச்ச இடத்தில்.

உங்களுக்கு இதில் லாபமும் இருக்கிறது. கண்டல் வேருக்கு நடுவேதான் இறாலும் மடவையும் நண்டும் குஞ்சாக இருந்து வளரும், கொடுவாயும் அதைத் தேடி வரும். நட்டு நாளாக நாளாகக் கழிமுகத்தில் வலை வீசுகிறவருக்கு அது தெரியும். ஆனால் கம்பிவேலி போட்டுப் பூட்டினால் பிரயோஜனமில்லை. சென்னையில் அடையாறு பூங்காவை 58 ஏக்கரில் அருமையாக மீட்டார்கள். குப்பை மேடாகக் கிடந்த கழிமுகத்துக்குப் பறவை திரும்பி வந்தது. ஆனால் பல வருஷமாக, முன்பதிவு செய்தால்தான் மனுஷன் உள்ளே போக முடிந்தது. இயற்கைக்கு அது நல்லதுதான்; ஊரையும் ஆற்றையும் சேர்க்கிற வேலை என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: கடல் ஏற்ற இறக்கம் எட்டுகிற ஆற்றுப் பகுதிக்கும் கடலோர ஒழுங்குமுறை விதி பொருந்தும். வேலை தொடங்குமுன் அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவ்வளவும் செய்தாலும் சனங்கள் கரைக்கு வருவார்களா? எல்லாரும் சில்வர் பீச்சுக்குத்தானே போகிறார்கள்?

சார், தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையைப் பாருங்கள். யாரும் கூப்பிடாமலே ஊர் ஊராகச் சாமியைத் தூக்கிக்கொண்டு தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். பாட்டி எங்களைக் கூட்டிப்போவாள். சாமி பார்த்ததை விடச் சுருளிக்கிழங்குக்காக அழுததுதான் எனக்கு நினைவு. ஆற்றுத் திருவிழா அன்றைக்கு அத்தனை பேர் எந்த வழியாக இறங்குகிறார்கள், வயசானவர்கள் எங்கே தயங்குகிறார்கள், வண்டி எங்கே நிற்கிறது, குப்பை எங்கே சேர்கிறது என்று ஒருத்தர் குறித்துக்கொண்டால் போதும். பாதி வடிவமைப்பு முடிந்தது. கெடிலத்துக்கும் சக்கர நாற்காலி போகிற சரிவுப் பாதை, ரெண்டு இடத்தில் படித்துறை, நிழல், கழிப்பறை. பெண்கள் உட்கார வேண்டுமானால் கழிப்பறைதான் முதல் மரம், சிரிக்காதீர்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், முதுநகர்: எங்கள் தெருவை ஒட்டி ஆற்றுக்கரையைப் பலப்படுத்தப் போவதாகப் பேச்சு. பொதுமக்கள் கூட்டத்தில் என்ன கேட்பது?

மூன்று கேளுங்கள். கட்டிய பிறகு ஆற்றின் அகலம் எந்த இடத்திலாவது குறைகிறதா? எந்த வருஷத்து வெள்ள மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? உங்கள் தெரு மழைநீர் வடிகால் எங்கே ஆற்றில் விழுகிறது, அங்கே வெள்ளம் திரும்பி ஏறாமல் தடுக்கும் கதவு உண்டா, அதை மூடித் திறக்கும் பொறுப்பு யாருக்கு? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வியை எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.