ரப்பர் விளையில புல்வெட்டி மிஷின்: கார்டை கழட்டிட்டு ஓட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் நமக்கு ரப்பர் விளை (தோட்டம்). மேல் பாதி 3 வருச தைகள் (இளங்கன்றுகள்), கீழ் பாதி பால் வெட்டுற மரம். மானியத்துல பிரஷ் கட்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். கொடி சுத்தி சுத்தி அடிக்கடி நின்னு போகுதுன்னு வேலைக்கு வர்றவரு பிளேடு பக்கம் உள்ள தடுப்பு கார்டை கழட்டிட்டாரு. போன வாரம் கல்லு தெறிச்சு என் மச்சான் காலுல பட்டு வீங்கிட்டு. கார்டு இல்லாம ஓட்டலாமா? நைலான் கயிறுக்கு பதிலா சங்கிலி மாட்டுற ஹெட் வீடியோவுல பாத்தேன், வாங்கலாமா? எல்லையில அயனிமரக் கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு கிடக்கு, வட்ட ரம்ப பிளேடு மாட்டி அதை இதுலயே அறுத்துரலாமா?

பதில்: வணக்கம் அண்ணே. மொதல்ல மச்சானுக்கு தோல் கிழிஞ்சிருந்தா டிடி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க, போடலன்னா இன்னைக்கே கூட்டிட்டு போங்க. வீக்கம் குறையாம கால் ஊன வலிச்சா எக்ஸ்ரே எடுத்துருங்க, கல்லு வந்த வேகத்துக்கு எலும்புல கீறல் விழ வாய்ப்பிருக்கு.

கார்டு இல்லாம ஓட்டவே கூடாது அண்ணே, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஏன்னு சொல்றேன். நம்மூர்ல விக்கிற மிஷின்ல பெரும்பாலும் பிளேடு மேல இருந்து பாத்தா இடஞ்சுழியா சுத்தும், அப்போ உங்க இடது கை பக்கம் இருக்கிற பிளேடு விளிம்பு உங்களை நோக்கி வருது. அதுல மாட்டுற கல்லு, சிரட்டைத் துண்டு எல்லாம் நேரா ஓட்டுறவர் முழங்காலுக்கும் மூஞ்சிக்கும்தான் வரும், அதை தடுக்கத்தான் அந்த கார்டு. அதுவும் உங்க கீழ் பாதி விளையில பால் பிடிக்கிற கப்பு கட்டுன பழைய கம்பி, மழை மறைப்பு பிளாஸ்டிக்கை பிடிச்ச கம்பி எல்லாம் துருப்பிடிச்சு புல்லுக்குள்ள கிடக்கும். கல்லை விட எனக்கு அந்த கம்பிதான் பயம், அரை இஞ்சு துண்டு கண்ணுல ஏறுனா பார்வையே போயிரும். அதனால மிஷினை எடுக்கும் முன்னாடி ஒரு ஆள் வரிசை வரிசையா நடந்து கம்பி, சிரட்டை, பாட்டில் எல்லாத்தையும் பொறுக்கி ஒரு சாக்குல போடட்டும். கையாலை (கல்லு அடுக்கின வரப்புச் சுவர்) ஓரத்துல ஒரு முழம் மிஷின் போகவே வேண்டாம், அங்க வெட்டுகத்தி போதும்.

சரி, கொடி சுத்துதே, அதுக்கு என்ன வழின்னு கேப்பீங்க. தைகளுக்கு நடுவுல மூடுபயிரா விட்ட பியூரேரியாவோ மியூக்குனாவோதான் சுத்துதுன்னு நினைக்கேன். அதை நைலான் கயிறால அடிச்சா சுத்தத்தான் செய்யும், நைலான் இளம் புல்லுக்கு உள்ளது. கொடிக்கும் கம்யூனிஸ்ட் பச்சைன்னு சொல்ற தடிச்ச களைச்செடிக்கும் மூணு பல் இரும்பு பிளேடு போடுங்க. ஃபுல் ஆக்சிலேட்டர் கொடுத்து வேகம் ஏறின பிறகு கொடிக்குள்ள விடணும், அதுவும் ஒரே வெட்டா அடியில விடாம மேல் பாதியை ஒரு வீச்சு, அப்புறம் கீழ் பாதியை ஒரு வீச்சு, வலது பக்கம் இருந்து இடது பக்கமா அரிவாள் வீசுற மாதிரி. பிளேடோட முன்பக்க வலது மூலை தண்டுலயோ கல்லுலயோ இடிச்சா மிஷின் சட்டுனு வலது பக்கமா தூக்கி அடிக்கும், அதனால அந்த மூலையை வச்சு தடிச்ச தண்டை வெட்டவே கூடாது. அப்படியும் கொடி சுத்துனா எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, பிளேடு முழுசா நின்ன பிறகுதான் கை வைக்கணும். ஆக்சிலேட்டர் விட்டாலும் பிளேடு கொஞ்ச நேரம் சுத்திட்டேதான் இருக்கும். ஐடிலிங்ல பிளேடு சுத்துதுன்னா ட்யூனிங் சரியில்லன்னு அர்த்தம், மெக்கானிக்கிட்ட காட்டுங்க. பிளேடு நட்டு இடது மரை, வலது பக்கமா திருப்புனாதான் கழலும், தெரியாம எதிர்ப்பக்கமா முறுக்கி மரை போனா பிளேடு சரியா இறுகாது. விரிசல் விட்ட பிளேடை பட்டறையில வெல்டிங் வச்சு திரும்ப மாட்டுறாங்க, தயவு செஞ்சு அதை செய்யாதீங்க, புது பிளேடு சில நூறு ரூபாதான்.

இன்னொண்ணு, சின்ன தை மூட்டுல நைலானோ பிளேடோ கொண்டு போகாதீங்க. பட்டை சுத்தி உரிஞ்சா தை பட்டுப்போகும், தப்பிச்சாலும் பின்னாடி பால் வெட்டுற இடத்துலயே தழும்பு நிக்கும். சுத்தி ஒரு மீட்டர் கைக்களைதான்.

சங்கிலி ஹெட் வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி உலோகத் துண்டுகளை கோத்து அடிக்கிற ஹெட்டை கையில பிடிக்கிற பிரஷ் கட்டருக்கு விக்கக்கூடாதுன்னு ஐரோப்பிய யூனியன் 2012லயே தடை போட்டாச்சு, சங்கிலி கண்ணி தெறிச்சு உயிர் போன பிறகு வந்த முடிவு அது. பைக் செயின், கேபிள் கம்பி எல்லாம் மாட்டுறதும் இதே கதைதான்.

அயனிக் கொப்பு விசயத்துக்கு வர்றேன். வட்ட ரம்ப பிளேடு நட்டமா நிக்கிற குச்சி, சின்ன செடிக்குத்தான், அதுக்கும் வேற கார்டு மாட்டணும். ஒடிஞ்சு கிடக்கிற கொப்பு அப்படி இல்ல, ஒரு பக்கம் தரையில ஊணி, ஒரு பக்கம் மரத்துல தொங்கி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். இழுவையில இருக்கிற பக்கம் வெட்டுனா சட்டுனு பிளந்து அடிக்கும், அமுங்குற பக்கம் ஆழமா வெட்டுனா பிளேடு மாட்டிக்கும். தெரிஞ்சவங்க அமுங்குற பக்கம் கொஞ்சம் வெட்டிட்டு அப்புறம் இழுவைப் பக்கம் வருவாங்க, அதுவும் செயின் சா ரம்பத்துல. அந்த வேலை பாக்குற ஆளையே கூப்பிடுங்க, கூலி போனா போகட்டும். அவங்க வேலை செய்யும்போது கொப்புக்கு கீழயும் சரிவுல கீழ்ப்பக்கமும் யாரும் நிக்கக்கூடாது.

ஓட்டுறவர் சாரத்தை (லுங்கியை) மடிச்சு கட்டிட்டு செருப்போட நிக்கிறதை நம்ம பக்கம் எல்லா விளையிலயும் பாக்குறேன், மனசு பதறுது. பேண்ட், கம் பூட்ஸ், கண்ணாடி இது மூணும் இல்லாம ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்க. வலை முகமூடி போட்டாலும் உள்ள கண்ணாடி வேணும், வலை வழியா தூசி வரும். காதுக்கு மஃப்பும் வேணும், மஃப் போட்டவருக்கு நீங்க கூப்பிடுறது கேக்காது, அதனால பின்னாடி போய் தோளைத் தொடாம அவர் பார்வை படுற மாதிரி தூரத்துல நின்னு கை காட்டுங்க. சுத்தி 50 அடிக்குள்ள ஆளோ ஆடோ நிக்கக்கூடாது, ரெண்டு வரிசை தள்ளி நின்னு பேசுறது பத்தாது. உங்க மச்சானும் கிட்டத்துல நின்னுருப்பாருன்னுதான் நினைக்கேன். சரிவுல மேல கீழ ஏறி இறங்காம பிளாட்பாரம் (சரிவுல படி மாதிரி வெட்டி விட்ட தட்டு) வழியா குறுக்கா நடந்து வெட்டணும்.

பெட்ரோல் விசயம், டூ ஸ்ட்ரோக்னா 2டி ஆயில் புக்ல போட்ட அளவு, 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்னா கலக்கவே கூடாது, ஆயில் தனியா ஊத்தணும். எஞ்சின் சூடு ஆறின பிறகு ஊத்துங்க, ஊத்துன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணாம பத்தடி தள்ளி வந்து பண்ணுங்க.

கையோ காலோ வெட்டுபட்டா கம்யூனிஸ்ட் பச்சை இலையை கசக்கி வைக்கிறது, காப்பித்தூள் போடுறது எல்லாம் வேண்டாம். சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சுட்டே 108க்கு கூப்பிடுங்க. கண்ணுல ஏதாவது குத்துனா தேய்க்காம, பிடுங்காம, பேப்பர் கப்பால மூடி கண்ணாஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.

கழட்டின கார்டு உடைஞ்சு போயிருந்தா மிஷின் மாடல் நம்பரைச் சொல்லி வாங்குன டீலர்கிட்டயே கேளுங்க, நைலானுக்கும் இரும்பு பிளேடுக்கும் தனித்தனி கார்டு இருக்கிற மாடலும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்க. அது வர்ற வரைக்கும் மிஷின் வீட்டுலயே இருக்கட்டும்.