108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பாராட்டு விழாவுக்கு வரவில்லை என்றால்

அவர்களை மண்டபத்துக்கு அழைக்காதீர்கள், வண்டி நிற்கும் இடத்துக்கே போங்கள். தக்கலையில் உங்கள் மன்றம் வைத்த பாராட்டுக்கு அழைத்த நாலு பேரும் வராததும், உங்கள் அப்பாவை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் சேர்த்தவர்கள் நீங்கள் நீட்டிய 500 ரூபாயை வாங்காததும் திமிரா என்று கேட்டிருந்தீர்கள், திமிர் இல்லை. அது இலவச சேவை, காசு வாங்கினால் வேலைக்கே ஆபத்து. அப்புறம், ஒரு ஷிப்டில் வண்டிக்கு இரண்டே பேர்தான், பைலட் என்று சொல்லும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும். பொன்னாடை போர்த்தும்போது மார்த்தாண்டத்தில் பைக் விபத்து என்று அழைப்பு வந்தால் என்ன செய்வார்கள்?

ஷிப்ட் எப்போது மாறும் என்று நேரில் கேளுங்கள். அந்த நேரத்தில் இரண்டு செட் ஆட்களும் இருப்பார்கள். நாங்கள் கட்டன் சாயாவும் பழம்பொரியும் கொண்டுபோனோம், ஒரு வாய் கடித்ததும் அழைப்பு வந்து மீதியைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே கழிவறை, உட்கார நிழல் இருக்கிறதா என்றும் பாருங்கள், சால்வையைவிட அதுதான் தேவை.

அப்பாவைக் கொண்டுபோன தேதி, நேரம் குறித்து அவர்களுடைய மேலாளருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுங்கள். நன்றி சொல்வதற்கென்று 108-ஐ மட்டும் அழைத்துவிடாதீர்கள், அந்த லைன் வேறு யாருக்கோ வேண்டும். போட்டோ போடுவதானால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.