கலைப் புகைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதானா? கண்காட்சிகளில் வண்ணத்துக்கு என்ன இடம்?

இன்று காட்சிக்கூடங்களில் வண்ணப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் இந்தக் கேள்வி தொடர்ந்து எழுவதற்கு ஒரு பழைய வழக்கம் காரணம். 1970களின் தொடக்கம் வரை வண்ணப் படம் என்பது விளம்பரத்துக்கும் வார இதழுக்கும் குடும்ப ஆல்பத்துக்கும் உரியது என்றே கலையுலகில் பெரும்பாலோர் கருதினர். வண்ண அச்சு விரைவில் வெளிறிவிடும், செலவும் கூடுதல் என்ற நடைமுறைக் காரணங்களும் அதற்குத் துணை நின்றன.

அந்த எண்ணத்தை அசைத்தது, 1976 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் கண்காட்சி. அங்கு நடந்த முதல் வண்ணப் படக் கண்காட்சி அதுவே என்று பலர் எழுதுவது சரியன்று. 1962இலேயே எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக் கலைஞரின் வண்ணப் படங்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தன. ஆனால் ஹாஸ் வண்ணத்தின் அழகைத் தேடிச் சென்றவர். எகிள்ஸ்டன் எடுத்ததோ அமெரிக்கத் தென்பகுதியில் அன்றாடம் கண்ணில் படும் மூன்று சக்கர சைக்கிளையும், சமையல் அடுப்பின் உட்புறத்தையும், குளியலறைச் சுவரையும். அருங்காட்சியகத்தின் புகைப்படத் துறைத் தலைவர் ஜான் சார்கோவ்ஸ்கி அவற்றைக் குறையற்ற படங்கள் என்று புகழ, நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹில்டன் கிரேமர் அதே சொல்லைத் திருப்பி, குறையற்ற சலிப்பு என்ற பொருளில் சாடினார். என் பார்வையில் சார்கோவ்ஸ்கியின் பக்கமே நியாயம் இருக்கிறது. இப்படங்களில் வண்ணத்தை நீக்கிவிட்டால் படமே மிஞ்சாது.

1973இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வுட்டில் எகிள்ஸ்டன் எடுத்த, ஓர் அறையின் சிவப்பு உட்கூரைப் படத்தையே பாருங்கள். மூடியில்லாத ஒரு பல்பு, அதிலிருந்து கூரை நெடுகப் பிரிந்து ஓடும் வெள்ளை மின்கம்பிகள், மற்றபடி முழுவதும் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் இது மின்பணியாளர் எடுத்து வைத்த பதிவாகவே தெரியும். வண்ணத்தில் அந்த அறையில் ஏதோ நடந்துவிட்டது என்ற அச்சத்தைத் தருகிறது. அச்சுப் புத்தகம் எதிலும் அந்தச் சிவப்பு தமக்கு நிறைவாக வரவில்லை என்று எகிள்ஸ்டனே கூறியிருக்கிறார்.

அந்தச் சிவப்பின் அடர்த்திக்கு டை டிரான்ஸ்ஃபர் என்ற அச்சு முறை காரணம். ஸ்லைடிலிருந்து மூன்று வண்ண வடிகட்டிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் எடுத்து, அவற்றைக் கொண்டு ஜெலட்டின் படலங்கள் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளின் மேல் இம்மியும் பிசகாமல் அடுத்தடுத்து ஒற்றி எடுக்க வேண்டும். சாயங்களைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால் விளம்பரத் துறையினர் இதை விரும்பினர். ஆக, கலையுலகம் இகழ்ந்த விளம்பரத்தின் கருவிதான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. இதற்கான பொருள்களின் உற்பத்தியைக் கோடக் 1990களில் நிறுத்திவிட்டது. 2012இல் எகிள்ஸ்டனின் பழைய படங்கள் பெரிய அளவில் பிக்மென்ட் அச்சுகளாக, அதாவது கணினி வழி நிறமி மையால் அச்சிட்டவையாக, ஏலத்துக்கு வந்தபோது, டை டிரான்ஸ்ஃபர் அச்சுகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் தம் அச்சுகளின் மதிப்பு குறைகிறது என்று வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஆகவே கண்காட்சியில் படத்தின் அருகிலுள்ள குறிப்பில் அச்சு முறை எது என்று பார்ப்பது வீண் வேலையன்று.

இவ்வளவும் மேற்கின் கதை. ஜெய்ப்பூரில் பிறந்த புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இதற்கு வெளியே நின்றவர். இந்தியர்கள் உலகை எப்போதும் வண்ணத்தில் கண்டவர்கள், கறுப்பு வெள்ளை நமக்கு அயலானது என்று வாதிட்டவர். இது சற்று மிகைதான், ஏனெனில் அவர் காலத்திலேயே நம் நாட்டில் கறுப்பு வெள்ளையில் அரும்பணி செய்தவர்கள் பலர். ஆயினும் ஹவுராவில் நடைபாதைக் கண்ணாடிக் கடையை அவர் 1991இல் எடுத்த படத்தில், தெருவும் அதன் பிம்பங்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நெரிசலில் கண் வழி தவறாதிருப்பது வண்ணத்தால்தான். தமிழ்நாட்டைப் பற்றிய அவருடைய படநூல் 1996இல் வெளிவந்தது. கண்காட்சி வாய்க்கும்வரை காத்திராமல் அதிலிருந்தே நீங்கள் தொடங்கலாம்.