உறைபனி நோட்டு

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவுக்கு வடக்கே கூப்பர் தீவில் ஐம்பது வருடமாக ஒரே வகைப் பறவையை எண்ணிவரும் ஜார்ஜ் டிவோக்கியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பூமி சூடாகிறதா என்று பார்க்க சாட்டிலைட் இருக்கிறதே, ஒரு மனிதர் ஆயுள் முழுக்க அங்கே போய் உட்கார வேண்டுமா? பத்து வருடம் பார்த்தால் போதாதா? நானும் ஓய்வு பெற்றதிலிருந்து, எங்கள் வீட்டுத் தேயிலையில் முதல் உறைபனி விழும் தேதியை நோட்டில் எழுதிவருகிறேன். இந்த முறை ரொம்பத் தாமதம். இதையெல்லாம் எழுதி ஏதாவது பயன் உண்டா?

கே., கோத்தகிரி

அன்புள்ள கே.,

பத்து வருடம் போதாது. டிவோக்கியின் கணக்கிலேயே அது தெரிகிறது.

அமெரிக்கக் கடற்படை விட்டுப்போன மரப்பெட்டிகளுக்கு அடியில் கருப்பு கில்லெமாட் என்னும் கடற்பறவைகள் கூடு வைத்திருப்பதை அவர் பார்த்தது 1972-ல். 1975-லிருந்து கோடைதோறும் அங்கே போகிறார். பருவநிலையை ஆராயப் போனவர் இல்லை, பறவைக்காகப் போனவர். பனி மூடிக் கிடந்தால் இந்தப் பறவையால் கூட்டுக்குள் நுழைய முடியாது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கவிட ஏறக்குறைய 80 நாள் பனியில்லாத தரை வேண்டும். கோடை நீள நீள அந்த நாட்கள் கிடைத்தன. அவரும் பெட்டிகளை நகர்த்தி வைத்துக் கூட்டுக்கு இடம் கொடுத்தார். 1980-களின் கடைசியில் 200 ஜோடிக்கு மேல். அத்தோடு மூட்டை கட்டியிருந்தால், வெப்பம் இந்தப் பறவைக்கு நல்லது என்று எழுதியிருப்பார். அதுவரைக்கும் அது உண்மையும்கூட.

அதே வெப்பம்தான் அப்புறம் கடல்பனியைக் கரையிலிருந்து தூரத் தள்ளியது. பனியை ஒட்டிய குளிர்ந்த நீரில் திரியும் ஆர்க்டிக் காட் மீனும் கூடவே போய்விட்டது. குஞ்சுகளுக்கு இரை அதுதான். தாய்ப்பறவை கிடைத்ததைக் கொண்டுவருகிறது: ஸ்கல்பின் என்று ஒரு மீன், பெரிய தலை, தலையில் முள். குஞ்சு அதை விழுங்கத் திணறும். குஞ்சுகளைத் தினமும் எடுத்து எடை போடுகிறவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். சாட்டிலைட் பனி எங்கே நிற்கிறது என்று காட்டும், குஞ்சின் தொண்டையில் என்ன நிற்கிறது என்று காட்டாது. போதாக்குறைக்கு, நிற்கப் பனியில்லாத துருவக் கரடிகள் தீவில் ஏறிக் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்தன. 2011-ல் மரப்பெட்டிகளை எடுத்துவிட்டு, கரடியால் உடைக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்தார். ஆனாலும் அண்மை வருடங்களில் மிஞ்சியவை சில டஜன் ஜோடிகள்தான்.

இதற்கு அலாஸ்கா வரை போகவேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலிருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-லிருந்து பார்த்துவருகிறார்கள். யானை ஒடித்ததும் தீயில் போனதும் அதில் உண்டு. இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் கேட்டால் "இன்னுமா முடியவில்லை?" என்பார்கள்.

சரி, உங்கள் நோட்டு. இந்த வருடத் தாமதத்தை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மேகமில்லாத, காற்றடங்கிய இரவு வந்தால்தான் பள்ளத்தில் உறைபனி விழும். மேகம் பத்து நாள் அதிகம் தங்கினால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதனால் முதல் தேதி மட்டும் போதாது. குளிர்காலம் முழுக்கத் தினமும் எழுதுங்கள். பனி விழாத காலையில் "இல்லை" என்று எழுதவேண்டும். வெறும் பக்கத்தைப் பிற்பாடு பார்க்கிறவருக்கு, பனி இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று தெரியாது. வானம் தெளிவா மூட்டமா என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாத்தியைப் பாருங்கள். அதன் மேட்டில் வீடு எழும்பினாலோ, பக்கத்துச் சில்வர் ஓக்கை வெட்டினாலோ அந்தத் தேதியையும் குறியுங்கள். கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அவர் எழுதியதை அவர் பெயரிலேயே எழுதுங்கள்.