மலைச்சரிவில் வீடு: நிலச்சரிவு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுக்கு மேலுள்ள சரிவில் ஒரு விரிசல் தெரிகிறது. மண் போட்டு மூடிவிடலாமா?

பதில்: மூடுவதற்கு முன் அது அகலமாகிறதா என்று பாருங்கள். விரிசலின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை நாள்தோறும் அளந்து தேதியுடன் எழுதிவையுங்கள். விரிசல் பிறைபோல் வளைந்து, கீழ்ப்பக்கத் தரை சற்றே இறங்கி, அடிவாரத்தில் மண் புடைத்தோ புதிய கசிவு தோன்றியோ இருந்தால், சரிவு முழுவதுமே நகரத் தொடங்கிவிட்டதாகக் கொள்வதே பாதுகாப்பு. அகலம் கூடுவதைவிட, அது கூடும் வேகம் அதிகரிப்பதே பெரிய எச்சரிக்கை. இத்தாலியின் வயோன்ட் அணையை ஒட்டிய மலைச்சரிவு 1960 முதலே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 1963 அக்டோபரில் அந்த நகர்வு வேகமெடுத்து, 9ஆம் தேதி இரவு பாறைத்திரள் நீர்த்தேக்கத்துக்குள் சரிய, எழுந்த அலை ஏறத்தாழ 2,000 பேரைப் பலிகொண்டது. வேகம் கூடுவது தெரிந்தால் அளப்பதை விட்டுவிட்டு வெளியேறுங்கள். களிமண்ணால் அடைப்பது மழைநீர் உள்ளே இறங்குவதைக் குறைக்குமே தவிர, நகர்வை நிறுத்தாது.

கேள்வி: உறுதியான தடுப்புச்சுவர் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது துகள்களுக்கு இடையிலான நீரழுத்தம் உயர்ந்து, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் உராய்வு குறைகிறது. நீர் வெளியேற வழியில்லாத சுவரோ அந்த அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகிறது. ஆகவே, சரிவின் மேற்புறத்தில் குறுக்கு வடிகால், சுவருக்குப் பின்னால் சரளை, சுவரில் கசிவுத் துளைகள் ஆகியவற்றுக்கே முதலில் செலவிடச் சொல்வேன். கூரைநீரையும் கழிவுநீரையும் சரிவில் விடாதீர்கள். துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்ப்பது அவசியம்; கட்டி முடித்த பிறகு பலரும் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மரம் நட்டால் சரிவு நிற்குமா?

பதில்: வேர் எட்டும் ஆழம்வரை மேல்மண்ணைப் பிடிக்கும். அதற்குக் கீழே வழுக்கும் ஆழச்சரிவை மரங்கள் நிறுத்துவதில்லை.

கேள்வி: நாங்கள் இருப்பது அடிவாரத்துச் சமதளம். அபாய வரைபடத்திலும் நிறம் எதுவும் இல்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: சரிவு தொடங்கக்கூடிய இடங்களை மட்டும் குறிக்கும் வரைபடங்கள் உண்டு, சரிந்த மண் எவ்வளவு தூரம் பாயும் என்பது அவற்றில் இராது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓசோ அருகே 2014 மார்ச் 22 அன்று சரிந்த மண் ஆற்றைக் கடந்து, சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பரவி 43 பேரைக் கொன்றது. அதே சரிவு 2006இலும் இடிந்திருந்தது. எனவே, பாயும் தூரம் கணக்கிடப்பட்டுள்ளதா என்று வரைபடம் தயாரித்தவர்களிடம் கேளுங்கள். வீட்டைச் சுற்றிலும் பழைய சேற்றுப்பாய்வு விட்டுச்சென்ற பெரும்பாறைகள் கிடக்கின்றனவா, ஓடை வாய் விசிறிபோல் விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.