பானிபட்டும் ஒரு பச்சைப்பயறும்: கையடக்க வரலாற்று அட்லஸ் பற்றிய கேள்வி பதில்

பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், எங்கே போனாலும் பையில் ஒரு சிறிய வரலாற்று அட்லஸை வைத்திருப்பவன் என்பதாலும், அது பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எந்த ஊரையும் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்னும் இந்தக் காலத்தில் வரலாற்று அட்லஸுக்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டுமா?

கைப்பேசி இன்றைய உலகத்தைக் காட்டுகிறது. ஆந்திரத்தில் இக்குவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரியைத் தேடினால், அங்கே பரந்த நீர்ப்பரப்பு ஒன்றுதான் தெரியும். நாகார்ஜுனசாகர் அணையின் நீர்த்தேக்கம் அந்நகரை மூடிவிட்டது, நாகார்ஜுனகொண்டா ஒரு தீவாக எஞ்சி நிற்கிறது. கிருஷ்ணைக் கரையில் ஒரு தலைநகர் ஏன் எழுந்தது, அங்கிருந்து கடற்கரைக்கு எவ்வளவு தொலைவு என்பவற்றை அந்தத் திரையிலிருந்து உணர்ந்துகொள்வது கடினம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திரையில் விரலால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கும்போது தொலைவு பற்றிய உணர்வே நம்மைவிட்டுப் போய்விடுகிறது. அட்லஸில் தாளின் அளவு மாறுவதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 200 கிலோமீட்டர் என்றால் அந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் என்று கண் ஒருமுறை பழகிவிட்டால், பிறகு எந்தப் படையெடுப்பைப் படித்தாலும் அந்த இரண்டு சென்டிமீட்டரே நம் முழக்கோலாகிவிடும்.

கேள்வி: பானிபட்டில் மூன்று போர்கள் நடந்தன என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஏன் அதே ஊரில் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அட்லஸ் சொல்லுமா?

அந்த ஆசிரியர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கக் கூடும். பல ஆண்டுகள் 1526, 1556, 1761 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தவன்தான் நான்.

மலை, பாலை நிழலிட்டுக் காட்டும் வட இந்தியப் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். வடகிழக்கே இமயத்தின் அடிவாரம். தென்மேற்கே தார்ப் பாலைவனம். இவ்விரண்டுக்கும் இடையில் பஞ்சாபிலிருந்து தில்லியை நோக்கி இறங்கும் சமவெளி குறுகிக்கொண்டே வருகிறது. கிழக்கே யமுனை அதற்கு ஒரு வேலி போல ஓடுகிறது. ஆப்கானிஸ்தானத்திலிருந்து கணவாய்களைக் கடந்து வரும் படை, குதிரைக்கும் யானைக்கும் தண்ணீரும் தீவனமும் வேண்டுமென்றால், இந்த வாயில் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தில்லியை ஆள்பவனும் இங்கேதான் தடுத்தாக வேண்டும்.

இப்போது மற்ற போர்களையும் குறித்துப் பாருங்கள். முகமது கோரியும் பிருதிவிராஜனும் 1191-இலும் 1192-இலும் மோதிய தராயின், நாதிர் ஷா 1739-இல் முகலாயப் படையை முறியடித்த கர்னால், பிறகு பானிபட்டின் மூன்று போர்கள் என்று மொத்தம் ஆறு. இந்த மூன்று ஊர்களும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன. என் அட்லஸில் அந்த இடத்தில் ஒரு பச்சைப்பயற்றை வைத்தால் ஆறு போர்களும் மறைந்துவிடும். வகுப்பில் ஒருமுறை வைத்துக் காட்டினேன். அந்த ஆண்டு எந்த மாணவனும் தராயினை மறக்கவில்லை.

மூன்றாம் போரில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. யமுனைக்குக் கிழக்கே இருந்த ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி 1760 அக்டோபரில் பாக்பத் அருகே ஆற்றைக் கடந்து, வடக்கே சென்றிருந்த மராட்டியருக்கும் தில்லிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வடமேற்கிலிருந்து வந்தவர் தெற்கேயும், தெற்கிலிருந்து வந்தவர்கள் வடக்கேயும் நின்ற விசித்திரமான போர் அது. புனேயிலிருந்து பானிபட் வரை நேர்கோட்டிலேயே 1,200 கிலோமீட்டருக்கு மேல். படத்தில் ஆறு சென்டிமீட்டர். உணவு வரும் வழி அறுபட்ட ஒரு படைக்கு அந்த ஆறு சென்டிமீட்டர் என்னவாக இருந்திருக்கும் என்பதைப் படத்தில் கை வைத்துப் பார்த்த பிறகே நான் புரிந்துகொண்டேன்.

கேள்வி: தென்னிந்திய வரலாறு மட்டுமே எனக்கு ஆர்வம். உலக வரலாற்று அட்லஸ் எனக்கு எதற்கு?

பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் சென்னையைக் கைப்பற்றினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1748-இல் ஏற்பட்ட எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை அதை ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கச் செய்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேக்கு அது பெரிய ஏமாற்றம். ஏன் கொடுத்தார்கள் என்பதற்கான விடை தென்னிந்தியப் படத்தில் இல்லை. வட அமெரிக்கப் பக்கத்தைப் புரட்டி, கனடாவின் கிழக்குக் கரையோரம் லூயிஸ்பர்க் என்னும் கோட்டையைத் தேடுங்கள். 1745-இல் ஆங்கிலேயரிடம் இழந்த அந்தக் கோட்டையைத் திரும்பப் பெறுவதற்கு ஈடாகவே பிரான்ஸ் சென்னையைக் கொடுத்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குச் செல்லும் கடல்வழியின் வாயிலருகே அக்கோட்டை நிற்பதைக் கண்டதும், பிரான்சுக்கு எது பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பது விளங்கும். தனித்தனித் தடித்த நூல்களில் கிடக்கும் இவ்விரண்டு ஊர்களையும் சிறிய அட்லஸில் சில தாள்களைப் புரட்டிச் சேர்த்துவிடலாம்.

கேள்வி: சோழப் பேரரசு, முகலாயப் பேரரசு என்று முழுப் பரப்பையும் ஒரே வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

இதுதான் நீங்கள் அனுப்பிய கேள்விகளிலேயே முக்கியமானது. ஊர் எங்கே, மலை எங்கே, ஆறு எங்கே என்பதில் அட்லஸை நம்புங்கள். வண்ணத்தையும் எல்லைக்கோட்டையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

1700-ஐ ஒட்டிய முகலாயப் பேரரசுப் படங்கள் பலவற்றில் ஏறக்குறையத் தென்முனை வரை ஒரே நிறம் தீட்டப்பட்டிருக்கும். செஞ்சிக் கோட்டை ஒன்றைப் பிடிக்கவே ஔரங்கசீப்பின் படைக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. அது விழுந்தது 1698-இல்தான். தஞ்சையில் மராட்டிய மன்னர்களும் மதுரை நாட்டில் நாயக்கர்களும் ஆண்டுகொண்டிருந்தார்கள். திறை செலுத்தும் ஊரும், வரி அதிகாரி உட்கார்ந்திருக்கும் ஊரும் அந்த வண்ணத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

நம்மவர்களுக்குச் சற்றுக் கசப்பான உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை வைத்துச் சுமத்ராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் சோழ நாட்டின் வண்ணத்திலேயே தீட்டும் படங்கள் உலவுகின்றன. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது வியக்கத்தக்க கடற்செயல். ஆனால் தஞ்சையைப் போல அங்கே நிலம் அளந்து வரி வாங்கிய ஆட்சி நடந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. அவ்விடங்களுக்கு அம்புக்குறி மட்டும் போட்டிருக்கும் அட்லஸைக் கண்டால், அதைத் தயாரித்தவர் பொறுப்பானவர் என்று முடிவு செய்துகொள்வேன்.

கோட்டின் தடிமனையும் மறக்க வேண்டாம். 1:2,00,00,000 அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 200 கிலோமீட்டர் என்னும் படத்தில், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் பத்துக் கிலோமீட்டர். உங்கள் கிராமம் பாண்டியருக்குரியதா சேரருக்குரியதா என்னும் வழக்கை அதை வைத்துத் தீர்க்க முடியாது.

கேள்வி: கடற்கரையும் ஆறுகளும் அன்று இருந்தபடியே காட்டப்படுகின்றனவா?

பெரும்பாலும் இல்லை. இன்றைய கரையோரத்தின் மீது பழைய ஊர்களைக் குறித்துவிடுகிறார்கள். கி.மு. 480-இல் ஸ்பார்த்தா வீரர்கள் பாரசீகரைத் தடுத்து நின்ற கிரேக்க நாட்டுத் தெர்மோப்பிலே கணவாய், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு வண்டி மட்டும் செல்லும் அளவுக்குக் குறுகியிருந்தது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஸ்பெர்கியோஸ் ஆறு கொண்டுவந்த வண்டலால் இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமான கொற்கையும் அப்படித்தான்; தாமிரபரணி வண்டலைக் கொட்டியதால் இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். நல்ல அட்லஸ்கள் பழைய கரையைப் புள்ளிக்கோட்டால் காட்டும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். உதவுமா?

உதவும், ஆனால் அட்லஸையே பாடநூலாக்கிவிடாதீர்கள். பாடத்தைப் படிக்கும்போது ஊர்ப்பெயர் வரும் ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? பெரிய அட்லஸே நல்லது என்கிறார்களே?

பெரியதற்கு உரிய இடம் வேறு. ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க் தொகுத்து 1978-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தெற்காசிய வரலாற்று அட்லஸுக்கு இணையானது சிறிய அட்லஸ்களில் இல்லை. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு நாவல் படிக்க முடியாது. கையடக்க அட்லஸ் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும், கிடப்பதால்தான் திறக்கிறோம்.

கடையில் முதலில் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். இரண்டு பக்கப் படத்தில் தில்லியோ ரோமோ மடிப்புக்குள் போய்விட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். அடுத்து, ஒரே நிலப்பரப்பை அதே சட்டகத்தில் பல ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறதா என்று பாருங்கள். நான் இதற்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன். போலந்தை எடுத்துக்கொண்டால், 1772, 1793, 1795 ஆகிய மூன்று பிரிவினைகளில் சிறுத்துச் சிறுத்து மறைந்து, 1918-இல் மீண்டும் தோன்றி, 1945-க்குப் பின் நாடே மேற்கு நோக்கி நகர்ந்துவிட்டதைப் பக்கம் புரட்டும்போதே காணலாம். ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அளவில் இருந்தால் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாகப் பெயர்ச்சுட்டி. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இது நமக்கு மிகவும் தேவை. கோனிக்ஸ்பெர்க் என்று தேடினால் இன்றைய கலினின்கிராடுக்கு வழிகாட்ட வேண்டும். தரங்கம்பாடியைத் தேடுபவரை டிரான்க்விபார் என்ற டேனியர் காலப் பெயருக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: புத்தகத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அட்லஸில் குறிப்பு எழுதலாமா?

பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் தாராளமாக எழுதுங்கள். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் நான் வாங்கிய பழைய பிரதியில், முன்பு வைத்திருந்தவர் யாரோ லூயிஸ்பர்க்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'சென்னப்பட்டணம்' என்று எழுதியிருந்தார். அந்த உடன்படிக்கையை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.