எந்தக் காலேஜ் போடலாம்? வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த ஆறு கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுக்க இருந்து கேள்விகள் வருகின்றன. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் கவுன்சிலிங் சமயத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாய்ஸ் பட்டியல் போட்டுத் தருவதைப் பல வருடமாகச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன். கட்-ஆஃப் 171. அப்பா தறி நெய்கிறார். பாகாயம் அரசுக் கல்லூரியில் சேர்வதா, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்வதா? சென்னை போனால்தான் வேலை என்கிறார்கள். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. (மாணவி, குடியாத்தம்)

செலவுப் பயத்தை முதலில் விடு பாப்பா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-லிருந்து பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. அதனால் "எது மலிவு" என்று தேடாதே. "எங்கே நன்றாகப் படிக்கலாம்" என்று மட்டும் தேடு.

7.5-க்குத் தனி ரேங்க் பட்டியல் உண்டு. பொதுப் பட்டியலில் உன் ரேங்க் ஆயிரக்கணக்கில் தள்ளி இருப்பதைப் பார்த்து, "நமக்கு இவ்வளவுதான்" என்று மேலே உள்ள கல்லூரிகளை விட்டுவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளான கிண்டி, ஏ.சி.டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி. மூன்றையும் உனக்குப் பிடித்த பிரிவுகளோடு பட்டியலின் தலையில் போடு. அதற்குக் கீழே அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்.

பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கழகம் 1990-ல் தொடங்கியது. காட்பாடியிலிருந்து டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே நம் ஊர்க்காரர்கள் அதைக் குறைவாக எடைபோடுகிறார்கள். சென்னையின் பெரிய கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் அதிகம் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் 'சென்னை' என்று விலாசம் போட்டுக்கொள்ளும் கல்லூரிகளில் பல, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட வயல்வெளிகளில் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்து உனக்குத் திருப்தியான சென்னைக் கல்லூரி என்றால் பாகாயத்துக்கு மேலே போடு. பேரை மட்டும் கேள்விப்பட்ட கல்லூரி என்றால் பாகாயத்துக்குக் கீழே போடு.

பெரிய கல்லூரிகளை மேலே போட்டால் கீழே இருக்கும் கல்லூரி கைநழுவிப் போகுமா? (மாணவர், ஆற்காடு)

போகாது தம்பி. உன் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்குவார்கள். மேலே கிடைக்காதவை போட்டதற்காக ஒன்றும் குறையாது. எண்ணிக்கைக்கும் வரம்பு கிடையாது. 15 கல்லூரியோடு நிறுத்தி, கடைசியில் எதுவும் ஒதுக்கப்படாமல் அடுத்த ரவுண்டுக்குப் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தாராளமாகப் போடு. சேர விருப்பமே இல்லாத இடத்தை மட்டும் போடாதே, அதுவே வந்து விழும்.

இன்னொன்று. போன வருடக் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பார்க்காதே, ரேங்க்கைப் பார். ஒரு வருடம் கணக்குத் தாள் சுலபமாக வந்தால் அதே 180-க்கு ரேங்க் எங்கேயோ போய்விடும்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி நோட்டீஸில் 'நாக் ஏ கிரேடு, ஆட்டோனமஸ், 100 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? (மாணவரின் அண்ணன், ஆரணி)

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள் தம்பி.

நாக் என்பது கல்லூரி முழுமைக்கும் தரும் தரச்சான்று. கலைக்கல்லூரிக்கும் அதுதான். பொறியியலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது என்.பி.ஏ. என்ற தரச்சான்று. அது ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்காது. நோட்டீஸில் "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று மொத்தமாகப் போட்டிருந்தால், உங்கள் தம்பி சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று என்.பி.ஏ. இணையதளத்திலேயே பாருங்கள். பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் சேர்ந்தது. என்.பி.ஏ. சான்று 'டயர்-1' வகையாக (ஆட்டோனமஸ் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களுக்கானது) இருந்தால், வெளிநாட்டில் மேல்படிப்போ வேலையோ தேடும்போது உதவும்.

ஆட்டோனமஸ் என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நல்ல ஆசிரியர்கள் இருந்தால் இது வரம், இல்லாவிட்டால் மதிப்பெண் மட்டும்தான் ஏறும். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது. பல்கலைக்கழகக் கேள்வித்தாளை எழுதும் கல்லூரியின் 50 சதவீதத்தையும் தானே தாள் தயாரிக்கும் கல்லூரியின் 90 சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

100 சதவீதம் பிளேஸ்மென்ட் என்பது பெரும்பாலும் 'தகுதியுள்ளவர்களில்' என்று கணக்குப் போட்டது. அரியர் வைத்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்தப் பிரிவில் முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கையில் ஆஃபர் லெட்டர், சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று பதிலும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

இதற்கெல்லாம் மேலாக, தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அட்மிஷன் திருவிழா நடக்கும் நாளில் வேண்டாம், வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போங்கள். அட்மிஷன் ஆபீஸில் கேட்பதைவிட வாசல் டீக்கடையில் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேட்பது மேல். "முதல் செமஸ்டரில் கணக்கு எடுத்தவர் இன்னும் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் மாறும் கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிள்ளை தானாகத்தான் படிக்க வேண்டியிருக்கும். பிறகு லேபைக் காட்டச் சொல்லுங்கள். என் மாணவன் ஒருவனோடு ஒரு கல்லூரிக்குப் போனபோது, ஒர்க்‌ஷாப்பில் லேத் மிஷின்கள் வந்திறங்கிய பிளாஸ்டிக் உறையோடு நின்றன. அங்கே இறுதியாண்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீடு திரும்பும் வரை என்னால் பேச முடியவில்லை.

ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் போன்ற புதுப் பிரிவுகளில் இதை இன்னும் கறாராகப் பாருங்கள். பேர் புதிது, பாடம் எடுப்பவர் யார்?

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பிடித்துத் தருவதாக ஒருவர் 20,000 ரூபாயும் பையனின் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா? (தாய், ராணிப்பேட்டை)

கொடுக்காதீர்கள் அம்மா. கவுன்சிலிங் முடியும் முன் யாரிடமும் ஒரிஜினலைத் தர வேண்டாம். கல்லூரியே ஆனாலும் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் இடைத்தரகரிடம் ரசீதில்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. உங்கள் வீட்டில் பையன்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டில் அதுவும் போய்விடும். தாலுகா ஆபீஸ் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவையில் விண்ணப்பித்து வையுங்கள்.

வி.ஐ.டி. தேர்வில் ரேங்க் தள்ளிப்போய் ஐந்தாம் வகைக் கட்டணத்தில்தான் இடம். வீட்டை அடமானம் வைத்து 20 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. மளிகைக் கடைதான் எங்கள் வருமானம். (மாணவர், காட்பாடி)

1984-ல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கி, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வரும் இடம் அது. தெருவுக்குத் தெரு அந்தப் பேரைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ஆசை வருவது இயல்புதான். முதல் வகையில் கிடைத்திருந்தால் சேர் என்றே சொல்லியிருப்பேன். அங்கே ரேங்க் தள்ளிப்போகப் போகக் கட்டண வகையும் ஏறும். ஐந்தாம் வகையிலும் வகுப்பறை அதே, பட்டம் அதே, கட்டணம் மட்டும் அதிகம்.

20 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. முதல் வேலையின் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். வேலை ஆறு மாதம் தள்ளிப்போனால் அப்பாவின் கடையும் வீடும் ஆட்டம் காணும். அந்த வீடு உன் படிப்பைவிடப் பெரிய பந்தயமாகிவிடக் கூடாது தம்பி. கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடு. என் யோசனை: அப்பாவிடம் வேண்டாம் என்று நீயே சொல்.

அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். இந்தத் தொழிலோடு சேர்ந்த இன்ஜினியரிங் ஏதாவது இருக்கிறதா? எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறார்கள். (மாணவர், ஆம்பூர்)

இந்த வருடம் வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். இருக்கிறது. சென்னை ஏ.சி.டெக்கில் லெதர் டெக்னாலஜி பி.டெக். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதோடு இணைந்து நடக்கும் படிப்பு. இடங்கள் கொஞ்சம்தான், கவுன்சிலிங் வழியாகவே சேரலாம். அது கிடைக்காவிட்டால் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் இந்தத் தொழிலுக்குப் பொருந்தும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய வட்டாரம் நம்முடையது. தோல் பதனிடத் தெரிந்தவர்கள் ஆம்பூர், வாணியம்பாடியில் நிறைய உண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தெரிந்த இன்ஜினியர்களும் அதே அளவுக்கு இங்கே தேவை.

கம்ப்யூட்டர் பிடிக்கும் என்றால் அதை எடு, தப்பில்லை. மற்றவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எடுக்காதே. அதற்கு முன் ஒரு நாள் அப்பாவோடு கம்பெனிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேள். சூப்பர்வைசர்கள், கெமிஸ்ட்டுகள் என்ன படித்தவர்கள், எங்கே படித்தார்கள் என்று அவர்களிடமே விசாரி. சாய்ஸ் ஃபில்லிங் திறப்பதற்குள் அதை முடித்துவிடு.